ஆறின கையும் ஏறும் படியும்



விளையாட்டு மருத்துவத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லித்தான் இந்த உரைக்கு என்னை அழைத்தார்கள். பேஸ்பால் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. நம்மில் பெரும்பாலோர் ஹாலிவுட் படங்களில் மட்டும் பார்த்த ஆட்டம். அதில் ஏதோ ஒரு பையனுக்கு முழங்கை கிழிந்தால் நமக்கென்ன?

காரணம் இருக்கிறது. நான் 20 ஆண்டுகளாக வேகப்பந்து வீசும் பையன்களின் முதுகையும் தோளையும் பார்த்துவரும் இயன்முறை மருத்துவன். தொழிலுக்கு வந்த புதிதில், இடுப்புக்கு மேல் முதுகெலும்பில் விரிசல் கண்டிருந்த 19 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். தேர்வுக்குழுவிலிருந்து ஒருவர் போன் போட்டு, “எப்ப சார் ரெடி ஆவான்?” என்றார். “மூணு வாரத்துல” என்று சொல்லிவிட்டேன். வலி போயிருந்தது, அதை நம்பிச் சொன்னேன். மூன்றாவது வாரம் ஆடினான். ஐந்தாவது வாரம் அதே இடத்தில் மறுபடி விரிசல். அவனையும் குறை சொல்ல முடியாது, கேட்டவரையும் குறை சொல்ல முடியாது. தேதி கொடுத்தவன் நான். அந்தக் கேள்விக்கு வேறு எப்படிப் பதில் சொல்லியிருக்கலாம் என்று தேடப்போய்த்தான் பேஸ்பாலுக்கு வந்து சேர்ந்தேன். இந்த ஒரு கேள்வியை வைத்து இவ்வளவு பணம் கட்டி, இவ்வளவு கணக்கு எழுதி, இத்தனை வருடம் சண்டை போட்ட இடம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டே செய்தி. பந்து வீசுபவருக்குப் பிட்சர் என்று பெயர். மவுண்ட் எனப்படும் சின்ன மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளி, பேட்டர் நிற்கும் தட்டை நோக்கி வீசுவார். கிரிக்கெட்டைப் போல ஓடிவந்து வீசும் வசதி கிடையாது. நின்ற நிலையிலிருந்தே 150 கிலோமீட்டர் வேகத்தை எழுப்பவேண்டும். மடங்கிய முழங்கை சவுக்குப் போல நிமிரும் அந்தக் கணத்தில்தான் எல்லாச் சுமையும் இறங்குகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் 90, 100 பந்து வீசுவார். பிறகு நாலு நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் மறுபடி.

இரண்டாவது செய்தி, படிக்கட்டு. அமெரிக்காவின் மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு மைனர் லீக் அணிகள்: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. பள்ளிக்கூடத்திலிருந்து டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், எடுத்த பையன் சின்னச் சின்ன ஊர்களில் பஸ்ஸில் அலைந்து, ஒவ்வொரு படியாக ஏறி மேலே வர நாலைந்து வருடம் ஆவது சகஜம். யாரை எப்போது அடுத்த படிக்கு ஏற்றுவது என்பதுதான் அணி நிர்வாகத்தின் அன்றாட வேலை.

இனி முழங்கை. உட்புறத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைத்துப் பிடித்திருக்கும் பட்டை ஒன்று உண்டு. நம் ஊரில் ஜவ்வு என்போம். அது கிழிந்தால் 1974 வரைக்கும் பிட்சரின் தொழில் முடிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர் டாமி ஜானுக்கு அது கிழிந்தது. செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப், வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளையிட்டு, அதன் வழியே கோத்துக் கட்டினார். பலிக்க நூற்றில் ஒரே வாய்ப்பு என்று சொல்லித்தான் செய்தார். 1975 முழுவதும் ஜான் ஆடவில்லை. 1976இல் திரும்பினார். 46 வயது வரை ஆடி, மொத்தம் 288 வெற்றிகள் பெற்றார். அதில் 164 கத்தி பட்டதற்குப் பிறகு வந்தவை. இன்று அந்த அறுவைக்கே டாமி ஜான் என்றுதான் பெயர். வைத்தியர் பெயரை விட்டுவிட்டு நோயாளி பெயரைத் தாங்கி நிற்கும் அறுவை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். ஜோப் இதில் வருத்தப்பட்டாரோ என்னவோ, நானாக இருந்தால் பட்டிருப்பேன்.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஜானுக்கு அப்போது 31 வயது. 124 வெற்றி பார்த்த கை. ஜவ்வு மாறியதே தவிர, எந்தப் பேட்டருக்கு எந்தப் பந்து என்கிற அறிவு அப்படியே இருந்தது. அவர் திரும்பவேண்டிய இடம் ஒன்று இருந்தது, திரும்பினார். 20 வயதுப் பையனுக்கு அப்படி ஓர் இடமே இன்னும் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டு வருடத்தைப் படுக்கையிலும் ரப்பர் பட்டையிலும் கழித்துவிட்டு வருகிறான். “பழையபடி ஆகிவிட்டானா?” என்று அவனைப் பற்றிக் கேட்பதில் அர்த்தமில்லை. பழையபடி அவன் அரைக்கிணறு தாண்டியவன்.

அறுவைக்குப் பின் நாட்காட்டி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். நாலைந்து மாதம் கழித்து முதல் எறி, 45 அடி தூரத்துக்கு, பூப்போல. பிறகு 60, 90, 120 அடி. ஒன்பதாம் மாதத்தை ஒட்டி மவுண்டில் ஏறுவான். அப்புறம் சொந்த அணிப் பேட்டர்களுக்கு எதிரே. நிஜ ஆட்டம் 12 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையே. இதில் என் போன்றவர்களை ஏமாற்றுவது ஸ்பீடு கன். வேகம் முதலில் திரும்பிவிடும், குறி கடைசியில்தான் திரும்பும். பையன் 97 மைல் காட்டுகிறான் என்று மேலிடத்துக்குத் தகவல் போகும். நினைத்த இடத்தில் ஒரு கையகலத்துக்குள் பந்து விழுகிறதா என்பதைக் கன் காட்டாது. ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காமல் போவது இந்த இடத்தில்தான். நம் மொழியில் சோறு ஆறுவதும் புண் ஆறுவதும் ஒரே சொல். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது.

சரி, ஆறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். படியேற்றுவது எவ்வளவு வேகத்தில்?

மூன்று பையன்களைப் பார்க்கலாம். ஜேம்சன் டையன், 2010 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர், பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி. 2014 ஏப்ரலில் முழங்கை அறுவை. அடுத்த வருடம் திரும்பும் சமயத்தில் குடலிறக்கத்துக்கு இன்னோர் அறுவை. முழுதாக இரண்டு சீசன் போயிற்று. 2016இல் டிரிபிள் ஏ அணியான இண்டியானாபோலிசில் பத்தே ஆட்டங்கள் கொடுத்தார்கள். குறி கச்சிதமாக இருந்தது. ஜூன் 8 அன்று மேலே ஏற்றிவிட்டார்கள். நிலைத்துவிட்டார்.

வாக்கர் பியூலர், 2015 டிராஃப்டில் 24ஆவது. எடுத்த கையோடு டாட்ஜர்ஸ் அவரை அறுவைக்கு அனுப்பியது. 2016இல் அவர் வீசியது மொத்தம் ஐந்து இன்னிங்ஸ், ஒரு முழு ஆட்டத்தில் பாதிக்குச் சற்றே அதிகம். 2017இல் ராஞ்சோ குக்கமொங்கா, துல்சா, ஒக்லஹோமா சிட்டி என்று மூன்று படியையும் ஒரே கோடையில் தாண்டி, செப்டம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சலிசில் நின்றார். இவ்வளவு வேகம் தேவையா என்று கேட்கலாம். ஆனால் உள்ளே பாருங்கள்: அந்த மூன்று படியிலும் சேர்த்து அவர் வீசியது 90 இன்னிங்சுக்கும் குறைவு. மேலே வந்தபின் அவரைத் தொடக்கப் பிட்சராக நிறுத்தவில்லை. எட்டு ஆட்டங்களில் இடையில் இறக்கி, ஒன்பது இன்னிங்ஸ் சொச்சம் வீசவைத்தார்கள். அதில் நன்றாகவே அடிவாங்கினார். அடுத்த ஆண்டு, மேஜர் லீகின் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ், ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை.

மூன்றாவது லூகாஸ் ஜியோலிட்டோ. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2012இல் எடுத்து, அந்த ஆண்டே அறுவை. நாலு வருடம் பொறுத்தார்கள். கீழ்ப்படிகளில் அவர்தான் ராஜா. 2016 ஜூனில் மேலே ஏற்றினார்கள். ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, அந்த டிசம்பரிலேயே சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். 2018இல் ரன் கொடுத்த சராசரி 6.13. முழு சீசன் வீசியவர்களில் கடைசி இடம். கை நன்றாக இருந்தது, வீசும் முறை பிடிபடவில்லை. கையைப் பின்னுக்குக் கொண்டுபோகும் வட்டத்தைக் குறுக்கித் தன்னைத் திருத்திக்கொண்டு 2019இல் ஆல் ஸ்டார் ஆனார்.

மெதுவாக ஏற்றப்பட்டவர் தடுமாறினார், விரைந்து ஏறியவர் நின்றார். அப்படியானால் வேகம்தான் சரியா? மூன்று பேரை வைத்துச் சட்டம் எழுதக்கூடாது. நான் கவனித்தது வேறொன்றை. படி ஏற்றுவதும் சுமை ஏற்றுவதும் இரண்டு தனித்தனி முடிவுகள். பியூலர் விஷயத்தில் டாட்ஜர்ஸ் அந்த இரண்டையும் பிரித்து வைத்தார்கள்: படியை விறுவிறுவென்று, சுமையைத் துளித்துளியாக. பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. கீழே இருந்தால் பத்திரம், மேலே போனால் ஆபத்து என்று ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்று பழைய பயிற்சியாளர்கள் ஒரு வரியில் சொல்வார்கள்: அந்தக் கையில் இருக்கும் தோட்டாக்கள் எண்ணி வைத்தவை, அவற்றைச் சின்ன ஊர்களில் சுட்டுத் தீர்க்காதே. முரட்டுத்தனமான பேச்சுதான், ஆனால் உடலியல் அதற்குச் சாதகம். முழு பலத்தில் வீசும் பந்து துல்சாவில் வீசினாலும் லாஸ் ஏஞ்சலிசில் வீசினாலும் ஜவ்வு கொடுக்கும் விலை ஒன்றே. பார்வையாளர் எண்ணிக்கை ஜவ்வுக்குத் தெரியாது.

எதிர்வாதமும் இலேசானதல்ல. கீழே 60 பந்தோடு நிறுத்து என்றால் நிறுத்திவிடுவார்கள், அங்கே வெற்றி தோல்வி யாருக்கும் பெரிதில்லை. புதுப் பந்து ஒன்றைப் பழக, அடிவாங்கினாலும் பரவாயில்லை என்று நாற்பது முறை வீசிப்பார்க்கலாம். மேலே அந்தச் சலுகை கிடையாது. அங்கே போன பையன் ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீசுவான். நோவு வந்தால் மறைப்பான். இன்றைக்கு இது இன்னும் மோசம்: மேஜர் லீகில் வேகப்பந்தின் சராசரி 2008இல் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2. மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, காயங்கள் பெருகுவதற்கு இந்த வேக வெறியையும் ஒவ்வொரு பந்திலும் முழு பலம் காட்டும் பழக்கத்தையும் முன்னே நிறுத்தியது. ஆகவே என் தீர்ப்பு இப்படி: குறி திரும்பிவிட்ட பையனை ஏற்றுங்கள், காக்க வைக்காதீர்கள். ஆனால் ஏற்றிய இடத்தில் அவன் எண்ணிக்கைக்குக் காவல் போடுங்கள். குறி திரும்பாதவன் எத்தனை மைல் காட்டினாலும் கீழேயே இருக்கட்டும்.

இதை அமெரிக்காவைவிடத் தெளிவாகச் செய்துகாட்டியது ஜப்பான். ரோக்கி சசாக்கி, பள்ளிப் பருவத்திலேயே 163 கிலோமீட்டர் வீசிய பையன். காயம் பட்டவன் அல்ல, பட்டுவிடுமோ என்று பயந்தார்கள். 2019 ஜூலையில் இவாத்தே மாகாண இறுதிப் போட்டியில் ஓஃபுனாத்தோ பள்ளிப் பயிற்சியாளர் அவனை இறக்கவில்லை, பள்ளி தோற்றது, போனில் வசவு குவிந்தது. சிபா லோத்தே அணி அவனை எடுத்தபின் செய்ததுதான் விசேஷம். 2020 முழுவதும் முதல் அணியோடு ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள், ஓர் ஆட்டத்தில்கூட வீசவிடவில்லை. படி உச்சத்தில், சுமை பூஜ்யம். 2022 ஏப்ரல் 10 அன்று, ஒரு பேட்டரைக்கூட அடித்தளத்தில் கால் வைக்கவிடாமல், 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றி, முழுமையான ஆட்டம் ஒன்றை முடித்தார். அடுத்த வாரமும் எட்டு இன்னிங்ஸ் அதேபோல. ஒன்பதாவதுக்கு அனுப்பவில்லை, உட்காரவைத்துவிட்டார்கள். சரித்திரத்தைக் கைவிட்ட பயிற்சியாளரை எத்தனை பேர் திட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இவ்வளவு காத்தும் 2025இல் டாட்ஜர்ஸ் அணியில் அவருக்குத் தோள் நொந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நான் விற்பது காப்பீடு அல்ல.

அதே டாட்ஜர்சில், இரண்டாவது முழங்கை அறுவைக்குப் பின் ஷோஹெய் ஒட்டானி 2025 ஜூன் 16 அன்று வீசவந்தார். வழக்கப்படி சீராகிவரும் பிட்சரை மைனர் லீகுக்கு அனுப்பிப் பழக்குவார்கள். இவரோ தினமும் பேட் பிடிப்பவர், அனுப்ப முடியாது. மேஜர் லீக் ஆட்டத்திலேயே ஒரே ஒரு இன்னிங்ஸ், 28 பந்து, அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். அக்டோபர் 17 அன்று ஆறு இன்னிங்ஸ் வீசி, பத்து பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, அதே இரவில் மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். உச்சப் படியிலேயே மருந்தளவு போலச் சுமையைக் கூட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. ஒட்டானி மாதிரி ஆள் சாட்சிக்கு உதவுவாரா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான்.

பையன்களுக்கு ஏன் இப்படிச் செய்வதில்லை? காரணங்கள் முழங்கைக்கு வெளியே இருக்கின்றன. மேஜர் லீகில் 172 நாள் ஒரு வருடப் பணிக்காலம். ஆறு வருடம் சேர்ந்தால் வீரர் எந்த அணிக்கும் போகலாம். மேலே இருக்கும்போது காயம்பட்டால், படுத்திருக்கும் நாளும் கணக்கில் சேரும், மேஜர் லீக் சம்பளமும் ஓடும். 2018 ஆகஸ்டில் சிகாகோ வைட் சாக்ஸ் அணி மைக்கேல் கோபெக்கை மேலே ஏற்றியது. நாலு ஆட்டம் வீசினார், ஜவ்வு கிழிந்தது. 2019 முழுவதும் அவர் ஒரு பந்தும் வீசவில்லை, ஒரு வருடப் பணிக்காலம் சேர்ந்தது. அதே கிழிவு ஒரு மாதம் முன்பு டிரிபிள் ஏ அணியில் நேர்ந்திருந்தால் அந்த நாட்கள் எதுவும் கணக்கில் இல்லை. 2025இல் மேஜர் லீகின் அடிமட்டச் சம்பளம் 7,60,000 டாலர். டிரிபிள் ஏ பையனுக்கு 2023 ஒப்பந்தம் வாங்கித் தந்தது வருடத்துக்கு 35,800. நிர்வாகம் “இன்னும் கொஞ்சம் பக்குவப்படட்டும்” என்று சொல்லும்போது அதில் எத்தனை பங்கு முழங்கை, எத்தனை பங்கு கணக்கேடு என்று பையனின் ஏஜென்ட் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

விதி எதிர்த்திசையிலும் தள்ளும். பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்த டிலன் பண்டி 19 வயதில், 2012இலேயே மேலே எட்டிப்பார்த்தவர். 2013இல் முழங்கை அறுவை, பிறகு தோள் தொந்தரவு. ஒரு வீரரைக் கீழே அனுப்பி எடுக்க அணிக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளே அனுமதி. பண்டி முதலிலேயே மேஜர் லீக் ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் அந்த அனுமதி சீக்கிரமே கரைந்துபோயிற்று. 2016இல் கீழே அனுப்பினால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும். கை தயாரோ இல்லையோ, மேலே வைத்தே ஆகவேண்டும். இடையில் வரும் பிட்சராக அவரை மெல்ல மெல்லப் பயன்படுத்தி, ஜூலையில்தான் தொடக்கப் பிட்சராக்கினார்கள். கட்டாயத்தில் செய்தது நல்ல வைத்தியமாக முடிந்தது.

இனி, யாரும் தவிர்க்கமுடியாத கதைக்கு வருகிறேன். ஸ்டீஃபன் ஸ்டிராஸ்பர்க். 2009இல் டிராஃப்டின் முதல் ஆள். 2010 ஜூன் 8, முதல் ஆட்டத்திலேயே ஏழு இன்னிங்சில் 14 ஸ்ட்ரைக் அவுட். ஆகஸ்டில் கிழிவு. செப்டம்பரில் அறுவை. சரியாக ஒரு வருடத்தில் திரும்பினார். 2012இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் பொது மேலாளர் மைக் ரிட்சோ, சீசன் தொடங்குமுன்பே முடிவெடுத்திருந்தார்: இந்தக் கைக்கு இவ்வளவுதான் இன்னிங்ஸ், பிறகு நிறுத்தம். முந்தைய ஆண்டு ஜோர்டன் சிம்மர்மனுக்கும் அப்படித்தான், 161 சொச்சத்தில் நிறுத்தினார்கள். ஆனால் அந்த ஆண்டு அணி ஜெயிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. 2012இல் அணி 98 ஆட்டம் ஜெயித்தது. தலைநகர் 1933க்குப் பிறகு முதல்முறையாக, கோப்பைக்கான அக்டோபர் ஆட்டம் பார்க்கப்போகிறது. செப்டம்பர் 7 ஆட்டத்தோடு, 159 இன்னிங்சும் மூன்றில் ஒரு பங்கும் ஆனபோது, ஸ்டிராஸ்பர்க்கை உட்காரவைத்தார்கள். அவருக்கு அதில் சம்மதமில்லை. அக்டோபர் 12 அன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்சுடன் அந்தச் சுற்றின் ஐந்தாம் ஆட்டம். 6–0 என்று முன்னே நின்ற அணி 9–7க்குத் தோற்றது. அமெரிக்கா முழுக்க ரிட்சோவைத் திட்டியது.

சுமைக்கு வரம்பு போட்டதில் அவரை நான் திட்டமாட்டேன். அந்த வரம்பை நாட்காட்டியில் வைத்த இடம்தான் தப்பு. ஏப்ரலில் சீசன் தொடங்கிய நாளிலிருந்தே ஐந்து நாளைக்கு ஒருமுறை வீசவைத்தார்கள். 160 இன்னிங்ஸ் செப்டம்பரில் தீரும் என்பது கூட்டல் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். மே மாதம் வரை வெயிலில் மெல்லப் பழகவிட்டிருந்தால் அதே 160 அக்டோபர் வரை வந்திருக்கும். படியும் சுமையும் ஒன்றே என்ற எண்ணம் இங்கேயும்: மேல் அணிப் பிட்சர் என்றால் ஏப்ரலில் தொடங்கவேண்டும், அவ்வளவுதான். 2019இல் அதே ஸ்டிராஸ்பர்க் 209 இன்னிங்ஸ் வீசி, அக்டோபரில் தோல்வியே இல்லாமல் ஐந்து ஆட்டம் ஜெயித்து, உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார். 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்பின் அவர் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் எட்டு. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு நெரியும் நோய் வந்து முடிந்துபோனது. 2012இன் காவல் பலித்தது என்பவர்களும் பாழ் என்பவர்களும் இதே கதையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

பியூலரிடமிருந்து இன்னும் ஒன்று பாக்கி. 2021இல் அவர் 200 இன்னிங்சுக்கு மேல் வீசினார். 2022 ஆகஸ்டில் அதே முழங்கைக்கு இரண்டாவது அறுவை. 2024 மே மாதம்தான் திரும்பினார். ஒரு வெற்றி, ஆறு தோல்வி, சராசரி 5.38. அக்டோபர் 28 அன்று உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தைத் தொடங்கி ஐந்து இன்னிங்ஸ் வீசினார். 30ஆம் தேதி, ஒரே ஒரு நாள் ஓய்வில், யாங்கி ஸ்டேடியத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் வீச வந்தார். இரண்டுமுறை கத்தி பட்ட கைக்கு அப்படி ஒரு வேலையை எழுதிக்கொடுக்க என் தொழிலில் யாரும் துணியமாட்டார்கள். யாரும் எழுதிக்கொடுக்கவும் இல்லை. வேண்டுமானால் வீசுகிறேன் என்று அவரே போய்ச் சொல்லியிருந்தார். அவருக்கு 30 வயது, அந்தக் கையை அவருக்குத் தெரியும். மூன்று பேட்டர்கள், கடைசி இருவர் ஸ்ட்ரைக் அவுட். கோப்பை டாட்ஜர்சுக்கு.

என்னிடம் வந்த அந்த 19 வயதுப் பையனிடம், “உனக்கு எப்படிடா இருக்கு?” என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வலி இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.